முட்டியும் பிளாவும்

ஒரு சமுதாயம் எதைப் பருகியது என்பதனைவிட, எக்கலத்தில், எவரோடு பருகியது என்பதே அதன் இயல்பை நன்கு புலப்படுத்தும். மருதனார்மடத்தைச் சூழ்ந்த வலிகாமத்துச் செம்மண் ஊர்களில் வழங்கிய கள்முட்டியும் பிளாவும் இதற்குச் சான்றாகும்.

முட்டி என்பது உருண்ட வயிறும் ஒடுங்கிய வாயும் உடைய மட்கலம். சீவிய பனம்பாளையின் நுனி அதனுள்ளே இருக்குமாறு அதனை மரத்திற் கட்டுவர். பாளையிலிருந்து சொட்டும் சாறு இனியது, வெறியற்றது. ஆயினும், பழகிய முட்டியின் நுண்துளைகளில் மதுவம் தங்கியிருக்கும். அது சாற்றின் வெல்லத்தை மதுசாரமாக்க, சில மணி நேரத்திற் கள் உண்டாகிறது. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசிவிட்டாலோ மதுவம் தொழிற்படாது. சாறு கருப்பநீராகவே நிற்கும். அதனைக் காய்ச்சினாற் பனங்கட்டி கிடைக்கும். கள்ளா, கட்டியா என்பதைத் தீர்ப்பது ஒரு பூச்சுச் சுண்ணாம்பே.

பருகுவதற்குரிய பிளா, பனையோலையை மடித்துக் கட்டிய கலம். கூழுக்கும் அதுவே உதவும். பருகியபின் எறிந்துவிடுவர், மண்ணோடு மண்ணாகிவிடும்.

தென் அமெரிக்காவின் அந்தீசு மலைநாட்டை 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளில் ஆண்ட இன்கா மக்கள் முளைவிட்ட சோளத்திலிருந்து சிச்சா என்னும் மதுவை வடித்தனர். அதற்கென நீண்ட கழுத்தும் கூரிய அடியும் கொண்ட பெருஞ்சாடிகளை வனைந்தனர். இரு காதுகளிலும் கயிற்றைக் கோத்து, தோட்புறத்துக் குமிழில் மாட்டி, முதுகிற் சுமந்தனர். அரச வேலைக்கு வந்தோருக்கு அச்சாடியிலிருந்தே சிச்சா வழங்கப்பட்டது. பருகும் குவளைகளை ஒத்த இணைகளாகச் செய்தனர். ஒன்று தருபவருக்கு, மற்றொன்று பெறுபவருக்கு. அவ்வாறு சேர்ந்து பருகுவது உறவை உறுதிசெய்யும் செயலாகும்.

யாழ்ப்பாணத்தில் அத்தகைய இணைக்குவளை தோன்றவில்லை. உயிரைப் பணயம்வைத்துப் பனையேறியவர் இறக்கிய கள்ளை உயர்சாதியினர் விரும்பிப் பருகினர்; ஆனால், அவரைத் தம் கிணற்றில் நீரள்ளவோ கோயிலினுள் நுழையவோ விடவில்லை. அவர் முட்டியிலிருந்த கள்ளுக்குத் தீட்டில்லை. அவர் கைக்கே தீட்டு! பிறப்பைக் காட்டி விலக்குவதைக் குற்றமாக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டிலேதான் இயற்றப்பட்டது.

இன்று மண்முட்டியின் இடத்தைப் பிளாஸ்ரிக் கலன் பிடித்துவருகிறது. முட்டி உடைந்தால் ஓடாவது எஞ்சும். பிளாவோ சுவடின்றி மறையும். கலங்கள் மறையலாம், அவற்றை ஆக்கிய கைகளுக்கு இழைத்த அநீதி மறக்கப்படலாகாது.