16 பேருக்குச் சமைத்த தாய்: யார் இந்த விக்டோரியா உல்மா?

வீட்டில் ஆறு பிள்ளைகள். மூத்தவளுக்கு ஏழு வயது, கடைக்குட்டிக்கு ஒன்றரை. ஏழாவது குழந்தை வயிற்றில், நிறைமாதம். சமையல், துவையல், தோட்ட வேலை என்று விடிந்ததிலிருந்து ஓட்டம்தான். இத்தனைக்கும் நடுவே, அதே வீட்டின் பரணில் எட்டுப் பேர் ஒளிந்திருக்கிறார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் மொத்தக் குடும்பமும் காலி.

இது சினிமாக் கதை இல்லை. இரண்டாம் உலகப் போர் காலத்தில், போலந்தின் தென்கிழக்கில் மார்கோவா என்ற கிராமத்தில் வாழ்ந்த ஒரு விவசாயி மனைவியின் வாழ்க்கை. பெயர் விக்டோரியா உல்மா. 2023 செப்டம்பர் 10 அன்று கத்தோலிக்கத் திருச்சபை அவரையும், அவர் கணவரையும், ஏழு பிள்ளைகளையும் ஒரே நாளில் அருளாளர்களாக அறிவித்தது. ஒரு குடும்பம் முழுவதற்கும் சேர்த்து இந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை.

அப்படி என்னதான் செய்தார் விக்டோரியா?

சாதாரண கிராமத்துப் பெண்

1912 டிசம்பர் 10 அன்று மார்கோவாவில் பிறந்தவர் விக்டோரியா. சின்ன வயதிலேயே தாயை இழந்தார். பக்கத்து ஊரான காச்சில், கிராமத்து இளைஞர்களுக்காக நடந்த மக்கள் கல்லூரியில் வகுப்புகளுக்குப் போனார். ஊர் நாடகக் குழுவிலும் இருந்தார். கிறிஸ்துமஸ் நாடகம் ஒன்றில் மாதாவாக நடித்தார்.

1935 ஜூலை 7 அன்று யூசெஃப் உல்மாவைத் திருமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளைக்கு 35, பெண்ணுக்கு 22. அடுத்த வருடமே மூத்த மகள் ஸ்டானிஸ்வாவா பிறந்தாள். தொடர்ந்து பார்பரா, விளாடிஸ்வாவ், ஃபிரான்சிஷெக், அந்தோனி, மரியா. ஏழு வருடத்துக்குள் ஆறு பிள்ளைகள்.

கணவர் கொஞ்சம் வித்தியாசமான விவசாயி. பழ மரங்களும் காய்கறிகளும் பயிரிட்டார். தேனீயும் பட்டுப்புழுவும் வளர்த்தார். சின்னதாக ஒரு காற்றாலை அமைத்து வீட்டுக்கு மின்விளக்கு கொண்டு வந்தார். கேமரா மீது பெரிய ஆசை. ஊரில் கல்யாணம், திருவிழா என்றால் அவர்தான் போட்டோகிராபர். மனைவி பிள்ளைகளையும் விதவிதமாகப் படம் எடுத்து வைத்தார். அந்தப் படங்களால்தான் விக்டோரியாவின் அன்றாட வாழ்க்கையை இன்று நம்மால் பார்க்க முடிகிறது: வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள், அவர்கள் நடுவே இடுப்பில் குழந்தையோடு அம்மா.

குடும்பத்துக்கு ஒரு கனவும் இருந்தது. கிழக்கே வோய்ஸ்வாவிட்சே என்ற ஊரில் ஐந்து ஹெக்டேர் நிலம் வாங்கியிருந்தார்கள். பெரிய பண்ணையாகப் போட்டு அங்கேயே குடியேறத் திட்டம். 1939 செப்டம்பரில் போர் வந்தது. திட்டம் அப்படியே நின்றுபோனது.

ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலும் குற்றம்

போருக்கு முன் போலந்தில் 33 லட்சம் யூதர்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் சுமார் 30 லட்சம் பேர் நாஜி ஜெர்மனியின் இன அழிப்பில் கொல்லப்பட்டார்கள்.

1941 அக்டோபரில் ஜெர்மானிய ஆளுநர் ஹான்ஸ் ஃபிராங்க் ஓர் ஆணை போட்டார். தங்களுக்கென ஒதுக்கிய பகுதியை விட்டு வெளியே வரும் யூதர்களுக்கு மரண தண்டனை. அவர்களுக்குத் தெரிந்தே அடைக்கலம் கொடுப்பவர்களுக்கும் அதே தண்டனை. நடைமுறையில் இது குடும்பத்தோடு சேர்த்துச் சுட்டுத் தள்ளுவது வரைக்கும் போனது.

மார்கோவாவிலும் யூதக் குடும்பங்கள் இருந்தன. 1942-ல் அந்தப் பகுதி யூதர்களை ஜெர்மானியர்கள் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். தப்பியவர்கள் காடுகளிலும் வயல்களிலும் பதுங்கினார்கள். அந்த டிசம்பரில் அவர்களைப் பிடிக்க ஊருக்குள் தேடுதல் வேட்டை நடந்தது. அதில் கிராமத்து ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். பிடிபட்டவர்களை ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். இதெல்லாம் விக்டோரியாவின் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் நடந்தது. கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

பரணில் வந்து சேர்ந்த எட்டுப் பேர்

தெரிந்தும் கதவு திறந்தது. வைன்ட்சுட் நகரைச் சேர்ந்த சால் கோல்ட்மனும் அவருடைய நான்கு மகன்களும் வந்தார்கள். மார்கோவாவின் இன்னொரு கோல்ட்மன் குடும்பத்துப் பெண்களான கோல்டா, லேயா ஆகியோரும் வந்தார்கள். லேயாவின் கையில் ஒரு சின்னப் பெண் குழந்தை. மொத்தம் எட்டுப் பேர்.

வீடோ ஊரின் ஓரத்தில் இருந்த சின்ன மரவீடு. விக்டோரியா குடும்பம் எட்டுப் பேர், வந்தவர்கள் எட்டுப் பேர். தினமும் 16 வயிறு.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால்தான் அந்தத் தாயின் பாரம் புரியும். போர்க்காலத்தில் விளைந்ததில் ஒரு பங்கை ஜெர்மானியர்கள் கட்டாயமாக வாங்கிக்கொண்டார்கள். மிச்சத்தில்தான் குடும்பம் ஓட வேண்டும். எட்டுப் பேர் உள்ள வீட்டில் பதினாறு பேருக்கு மாவு செலவானால் அக்கம்பக்கம் கவனிக்காதா? கொடியில் கூடுதலாக நாலு சட்டை காய்ந்தால் கேள்வி வராதா? ஏழு வயசுக் குழந்தை விளையாடும் இடத்தில் வாய் தவறி எதையாவது உளறிவிட்டால்?

வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. விறகு வெட்டினார்கள். யூசெஃபுடன் சேர்ந்து தோல் பதனிட்டார்கள். அதில் வந்த வருமானம் சாப்பாட்டுக்கு உதவியது. இப்படி ஒரு வருடத்துக்கும் மேல் ஓடியது.

ஏன் செய்தார்கள்? யாருக்கும் விளக்கம் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவர்கள் வீட்டு பைபிளில் ஒரு தடயம் கிடைத்தது. அடிபட்டுக் கிடந்த வேற்று இனத்தவனைத் தூக்கிக் காப்பாற்றிய நல்ல சமாரியர் உவமை இருக்கும் பக்கத்தில் சிவப்புக் கோடு. பக்கத்தில் போலிஷ் மொழியில் ஒரே ஒரு சொல்: ‘ஆம்.’

1944 மார்ச் 24

அன்று விடியற்காலையில் ஜெர்மானியக் காவலர்கள் வீட்டைச் சுற்றி வளைத்தார்கள். தலைமை தாங்கியவர் ஐலர்ட் டீக்கன் என்ற அதிகாரி. முதலில் ஒளிந்திருந்த யூதர்களைச் சுட்டார்கள். பிறகு யூசெஃபையும் விக்டோரியாவையும் வெளியே இழுத்து வந்து சுட்டார்கள். வண்டி ஓட்டி வந்த கிராமத்து ஆட்களைக் கட்டாயப்படுத்திப் பார்க்க வைத்தார்கள். ஊருக்கே பாடமாக இருக்க வேண்டுமாம்.

பெற்றோர் செத்து விழுந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் அலறினார்கள். அவர்களை என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. அடுத்து ஆறு பேரையும் சுட்டார்கள். சில நிமிடங்களில் 16 பேர் வாழ்ந்த வீட்டில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. கொன்றவர்கள் வீட்டைக் கொள்ளையடித்து, அங்கேயே வோட்கா குடித்தார்கள்.

விக்டோரியாவுக்கு அப்போது வயது 31.

காட்டிக் கொடுத்தது யார்?

வைன்ட்சுட்டில் ஜெர்மானியர்களின் கீழ் வேலை பார்த்த போலந்துக் காவலர் வூஜிமியேஷ் லெஷ் என்பவர்தான் தகவல் கொடுத்தார் என்று கருதப்படுகிறது. கோல்ட்மன் குடும்பத்தின் சொத்துகள் அவர் கையில் இருந்தன. அதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல்தான் இப்படிச் செய்தார் என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள். அதே ஆண்டு போலந்தின் தலைமறைவு இயக்கம் அவரைச் சுட்டுக் கொன்றது.

குழந்தைகளைச் சுட்டவர்களில் ஒருவரான யோசஃப் கோகோட் 1957-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் பிடிபட்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் குறைக்கப்பட்டது. 1980-ல் சிறையில் இறந்தார். ஆனால் டீக்கன்? போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியில் போலீஸ் வேலையிலேயே தொடர்ந்தார். எந்தத் தண்டனையும் இல்லாமல் 1960-ல் இறந்தார்.

மார்கோவாவில் மற்ற வீடுகளிலும் யூதர்கள் ஒளிந்திருந்தார்கள். இந்தக் கொலைகளுக்குப் பிறகும், அவர்களில் சுமார் 20 பேர் போர் முடியும் வரை உயிரோடு இருந்தார்கள். தேடுதல் வேட்டைக்குப் போனதும் இதே ஊர்தான், கதவை மூடாமல் இருந்ததும் இதே ஊர்தான். உல்மா குடும்பத்தின் கதையை மட்டும் முன்னால் வைத்து மற்றதை மறந்துவிடக் கூடாது என்று போலந்தில் இன்றும் வரலாற்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள்.

பெயர் வைக்காத குழந்தைக்கும் பட்டமா?

1995-ல் இஸ்ரேலின் யாட் வாஷேம் நினைவகம், யூதர்களைக் காத்த பிற இனத்தவருக்கு வழங்கும் ‘நாடுகளின் நீதிமான்கள்’ கௌரவத்தை யூசெஃப், விக்டோரியா இருவருக்கும் கொடுத்தது. 2016-ல் மார்கோவாவில் அவர்கள் பெயரில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மார்ச் 24 இப்போது போலந்தில் தேசிய நினைவு நாள்.

திருச்சபையின் அறிவிப்பில் ஒரு கேள்வி எழுந்தது. ஞானஸ்நானம் பெறாத, பெயரே வைக்காத ஏழாவது குழந்தையை எப்படி அருளாளர் என்பது? கொலை நடந்து சில நாள் கழித்து, இரவோடு இரவாக உடல்களைத் தோண்டியெடுத்துப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்த ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனித்திருந்தார்கள். குழந்தை தாயின் உடலிலிருந்து வெளிவரத் தொடங்கியிருந்தது. தாய் கொல்லப்பட்ட நேரத்திலேயே அது பிறந்தது, ரத்தத்தாலேயே ஞானஸ்நானம் பெற்றது என்று வத்திக்கான் விளக்கம் கொடுத்தது.

இன்னொரு கேள்வி இன்னும் கடினமானது. ஆறு பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைக்க ஒரு தாய்க்கு உரிமை உண்டா? இதற்கு எளிதான பதில் இல்லை. விக்டோரியாவின் பக்கம் நின்று பார்த்தால் ஒன்று மட்டும் தெரியும். வாசலில் நின்ற லேயாவும் ஒரு தாய்தான். அவள் கையிலும் ஒரு குழந்தை இருந்தது.

உல்மா குடும்பத்தின் நினைவுத் திருநாளைத் திருச்சபை ஜூலை 7 அன்று வைத்திருக்கிறது. அவர்கள் இறந்த நாள் அல்ல. யூசெஃபும் விக்டோரியாவும் திருமணம் செய்துகொண்ட நாள்.