கண்ணில் நீர், காரணம் பல்

பொன்னாங்கண்ணி கண்ணுக்கு நல்லது, முருங்கை கண்ணுக்கு நல்லது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். வீட்டு முயலின் கண்ணில் நீர் வடிந்தால் கை இரண்டு இடங்களுக்குப் போகிறது: ஒன்று கீரைக்கட்டு, இன்னொன்று அலமாரியில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்து. இரண்டாவது ஆபத்து, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலாவது நல்ல யோசனைதான், ஆனால் நாம் நினைக்கும் காரணத்துக்காக அல்ல. பச்சைத் தீனி முயலின் கண்ணைக் காப்பது வைட்டமின் மூலம் என்பதைவிட, பல் மூலம் என்பதே சரி. புல்லை மெல்லாத முயலுக்குக் கேரட்டை எவ்வளவு கொடுத்தாலும் கண் தேறாது. கேரட் கிழங்கு அதற்கு ஏறக்குறைய மிட்டாய்தான், தழைதான் தீனி.

முயலுக்குப் பற்கள் 28. அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். வளர்கிற அளவுக்குத் தேயவும் வேண்டும். தேயாவிட்டால் பல் எதிர்ப்பல்லில் முட்டிக்கொண்டு, மேற்கொண்டு வளர இடமில்லாமல் வேர்ப் பக்கமாகத் தாடைக்குள்ளேயே ஏறும். மேல்தாடையில் அப்படி ஏறும் வேர் நெருக்குவது கண்ணீர்க் குழாயை. நமக்கு ஒவ்வொரு கண்ணிலும் கண்ணீர் இறங்க இரண்டு துளைகள் உண்டு; முயலுக்குக் கீழிமையில் ஒன்றே ஒன்றுதான். அங்கிருந்து மூக்குக்குப் போகும் மெல்லிய குழாய், பல் வேர்களை ஒட்டியே வளைந்து வளைந்து போகிறது. வளைவுகளில் இன்னும் குறுகுகிறது. வேர் அழுத்தினால் வழி அடைபடும். மூக்குக்கு இறங்க வேண்டிய நீர் கன்னத்தில் வழியும். தேங்கிய இடத்தில் கிருமி சேர்ந்தால் பால்போல் வெள்ளையாகச் சீழ் கட்டும். கன்ன முடி நனைந்து ஒட்டி, உதிர்ந்து, தோல் சிவக்கும். முன்னங்காலின் உட்புறத்தைப் புரட்டிப் பார்த்தால் அங்கும் முடி சடைபிடித்துக் கிடக்கும், ஏனென்றால் முயல் முகம் துடைப்பது அந்தக் காலால்தான். கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ்க்கட்டி வந்தால் விழியே முன்னால் பிதுங்கும். முயலின் சீழோ பற்பசைபோல் கெட்டியானது; கீறிவிட்டால் வடிந்துவிடும் சமாசாரம் அல்ல.

இதில் தீனிக்கு எவ்வளவு பங்கு? எடின்பரோ பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 32 முயல்களை நான்கு பிரிவாக்கி 17 மாதம் வெவ்வேறு தீனியில் வளர்த்தார்கள். தானியமும் பட்டாணியும் கலந்த ‘மிக்ஸ்’ மட்டுமே தின்ற முயல்களுக்குப் பற்கள் நீண்டுபோயின. உலர்புல் மட்டுமே தின்றவற்றுக்கு அப்படி ஆகவில்லை. மெல்லும் விதத்தைக் கவனித்தால் விஷயம் புரியும். தானியத்தை முயல் கடக்கென்று நொறுக்கி விழுங்கிவிடும். புல்லையோ கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்தி அம்மியில் அரைப்பதுபோல் அரைக்க வேண்டும். தேய்மானம் அந்த அசைவில்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் ஃபிரான்சிஸ் ஹார்கோர்ட்-பிரவுன் 1990களில் இன்னொரு காரணத்தையும் முன்வைத்தார். மிக்ஸில் பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்னும் முயலுக்குச் சுண்ணாம்புச் சத்து குறைகிறது, தாடை எலும்பு வலுவிழக்கிறது, பல் வேருக்குப் பிடிமானம் தளர்கிறது என்றார். எது முதல் காரணம் என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். புல்லைக் கொடு என்ற இடத்தில் இரண்டும் வந்து சேர்கின்றன.

கடையில் விற்கும் பெல்லட் தீவனத்தில் எல்லாச் சத்தும் இருக்கிறதே என்பார்கள். இருக்கலாம், ஆனால் மெல்லும் வேலை அதில் இல்லை. கீரை கொடுத்தால் பேதியாகும் என்பதுதான் நம்மூரில் அதிகம் கேட்கும் ஆட்சேபம். அதில் பாதி உண்மை உண்டு. நேற்றுவரை பெல்லட் தின்ற குடலில் இன்று ஒரு கட்டுக் கீரையை இறக்கினால் கலங்கத்தான் செய்யும். சந்தையில் தண்ணீர் தெளித்து வைத்துப் புழுங்கிப்போன கீரை என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு வகை, ஒரு கைப்பிடி, கழுவி உதறியது என்று தொடங்கி, சில நாள் இடைவெளி விட்டு அடுத்த வகையைச் சேர்த்தால் பெரும்பாலும் சிக்கல் வராது. இன்னொன்று: பேதி என்று பலர் அஞ்சுவது பேதியே அல்ல. முயல் மலத்துவாரத்தில் வாய் வைத்தே தின்றுவிடும் மென்மையான புழுக்கை ஒன்று உண்டு. நார்ச்சத்து குறைந்த தீனியில் அது குழைந்து, தின்னப்படாமல் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பரிகாரம் புல்லைக் குறைப்பதல்ல, கூட்டுவது.

ஆனால் கீரை வேறு, புல் வேறு. கொத்தமல்லியும் புதினாவும் முள்ளங்கித் தழையும் வாயில் வைத்ததும் கரைந்துவிடும். பல்லைத் தேய்ப்பது அருகம்புல், கோ-4 போன்ற புல் வகைகள், அல்லது உலர்புல். தட்டில் பெரும்பகுதி இவைதான் இருக்க வேண்டும். முயல்மசால் என்று பெயரிலேயே முயலை வைத்திருக்கும் பயறுவகைத் தீவனம் நம்மிடம் உண்டு, அதையும் கொஞ்சம் சேர்க்கலாம். முருங்கை, அகத்தி இரண்டிலும் சுண்ணாம்புச் சத்து ஏராளம். முயலோ தின்ற சுண்ணாம்பையெல்லாம் உறிஞ்சி, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும் பிராணி. தினமும் கட்டுக் கட்டாகக் கொடுத்தால் சிறுநீர் சுண்ணாம்புக் கரைசலாகும். பாலக்கை எப்போதாவது கொடுத்தால் போதும். வெங்காயம், பூண்டு வேண்டாம். அரளி இருக்கும் பக்கமே விடக் கூடாது.

எல்லாக் கண் நோயும் பல்லில் தொடங்குவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கூண்டில் தேங்கிய சிறுநீரின் காரநெடி, புல் தூசு, இன்னொரு முயலின் கீறல் எதுவும் காரணமாகலாம். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவைதான் முயல் இமைக்கும் என்பதால் விழுந்த தூசு அங்கேயே உட்கார்ந்திருக்கும். மூஞ்சி குட்டையான குள்ள வகைகளுக்குத் தாடை அமைப்பே பிறவியில் சரியாக இருப்பதில்லை. அவற்றுக்குப் புல் மட்டும் போதாமல் போகலாம். (வெள்ளை முயலின் சிவந்த கண் நோயே அல்ல.) காரணங்கள் இத்தனை இருப்பதால்தான் கைவசமிருக்கும் சொட்டு மருந்து கூடாது என்பது. கருவிழியில் கீறல் இருக்கும்போது ஸ்டீராய்டு கலந்த சொட்டு விட்டால் அது ஆறாமல் குழிந்து புண்ணாகும். வீட்டில் செய்யக்கூடியது, கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் கன்னத்தைத் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுப்பது மட்டும்தான். மருத்துவர் கண்ணில் ஒரு சொட்டுச் சாயம் விடுவார். கீறல் இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். குழாய் திறந்திருந்தால் கொஞ்ச நேரத்தில் அதே பச்சை மூக்குத் துளையில் எட்டிப்பார்க்கும். எட்டிப்பார்க்காவிட்டால் குழாயை உப்புநீரால் கழுவுவார், பிறகு தலையை எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். அதில் வேர் நீண்டிருப்பது தெரிந்தால், எந்தப் புல்லும் அதைத் திரும்பக் குட்டையாக்காது. குழாயை அவ்வப்போது கழுவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.