கறுப்பு சைக்கிளின் தோல்

ஓமலூரிலிருந்து தாரமங்கலத்துக்கோ மேச்சேரிக்கோ போகிற வழியில், ஏதாவதொரு மாட்டுக்கொட்டகையின் எரவாணத்தடியில் சாத்தி வைத்த கறுப்பு சைக்கிள் இன்றைக்கும் கண்ணில் படும். பால் கேன், பாவு நூல், புல்லுக்கட்டு என்று ஒரு தலைமுறைக்குச் சுமந்து ஓய்ந்த வண்டி. டயர் இற்றுப்போயிருக்கும், சீட்டுத் தோல் வெடித்திருக்கும். பிரேம் மட்டும் அப்படியே இருக்கும். அதைப் புதுசாக்கிவிடலாம் என்று பேரனுக்கு ஆசை வந்தால் கை முதலில் உப்புத்தாளுக்குத்தான் போகும். அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, பிலிப்ஸ் என்று பெயர் போட்ட வண்டிகள் பெரும்பாலும் சென்னை அம்பத்தூரில் பிறந்தவை. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949-இல் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கின; 1951-இல் ஹெர்குலிஸ் வெளிவந்தது. ராலே என்றால் நாட்டிங்ஹாமிலிருந்து கப்பலேறி வந்ததாக இருக்கும், இல்லாவிட்டால் வங்காளத்து அசன்சோலில் சென்-ராலே ஆலையில் செய்ததாக இருக்கும். எங்கே பிறந்தாலும் எலும்புக்கூடு ஒன்றுதான்: எஃகுக் குழாய்களை ‘லக்’ எனப்படும் மூட்டுகளுக்குள் செருகி, இடைவெளியில் பித்தளையை உருக்கிப் பாய்ச்சி இறுக்கியது. மூட்டின் ஓரத்தில் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தால் அந்த மஞ்சள் கீற்று தெரியும்.

அந்தக் காலத்துக் கறுப்பு அவ்வளவு நாள் நின்றதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, சூளை. தொடக்க கால சைக்கிள்களுக்கும் ஃபோர்டின் மாடல்-டி காருக்கும் பூசிய கறுப்பு, நிலக்கீலை ஆளிவிதை எண்ணெயிலும் டர்பன்டைனிலும் கரைத்துச் செய்தது. பூசி அடுப்பறைக்குள் ஏற்றி 150 டிகிரிக்கு மேல் சுட்டார்கள். அந்தச் சூட்டில் எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலையாகிவிடும். பிறகு தின்னர் ஊற்றினாலும் எளிதில் கரையாது. பின்னால் செயற்கை எனாமல்கள் வந்தபோதும் சுடுகிற முறை அப்படியே தொடர்ந்தது.

இரண்டாவது காரணம் கண்ணுக்கே தெரியாது. 1906-இல் பர்மிங்காமைச் சேர்ந்த தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் ஒரு காப்புரிமை வாங்கினார். பாஸ்பாரிக் அமிலமும் இரும்புத்தூளும் கலந்த கொதிநீரில் இரும்பு உருப்படியைப் போட்டால், அதன் மேல் சாம்பல் நிறத்தில் பாஸ்பேட் படிகங்கள் படரும். இரும்போடு பிணைந்த அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. சொரசொரப்பாக இருப்பதால் பெயின்ட் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பின்னாளில் ராலே தன் பிரேம்களில் ‘ஸ்ப்ரா-பாண்டரைஸ்டு’ என்று பெருமையாக ஒட்டிய வாசகம் இந்தப் பாஸ்பேட் பூச்சைத்தான் சொன்னது. டெல்லி குதுப் வளாகத்து இரும்புத் தூணிலும் பாஸ்பேட்தான் காவல் நிற்கிறது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் சுமார் 0.25 சதவீதம். இன்றைய எஃகோடு பார்த்தால் அது மிக அதிகம். காலப்போக்கில் மேற்பரப்பில் உருவான பாஸ்பேட் படலமே துருவைத் தடுக்கிறது என்று ஐஐடி கான்பூரின் உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் 2000-ஆம் ஆண்டு விளக்கினார். ஆக, சைக்கிளின் காவல் நிறத்தில் இல்லை, நிறத்துக்கு அடியில் இருக்கிறது. வீட்டில் செய்கிறவரும் பத்தில் எட்டுப் பங்கு நேரத்தை அடியிலேதான் செலவழிக்க வேண்டும்.

பழைய பெயின்ட்டில் பாதிக்கு மேல் உறுதியாக இருந்தால் உரிக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மெழுகு தேய்த்து விடுங்கள், போதும். பாரின் மேல் ஓடும் மெல்லிய பொன்னிறக் கோடு ஆலையில் ஒரு மனிதக் கை நீளமுடித் தூரிகையால் ஒரே இழுப்பில் போட்டதாக இருக்கலாம். சுரண்டிவிட்டால் போனது போனதுதான். வாட்ஸ்அப்பில் பளபளவென்று வரும் ‘புதுப்பித்த’ சைக்கிள்களில் பலவற்றைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

உரித்தே ஆக வேண்டிய வண்டிகளும் உண்டு. பெடல் அச்சு ஓடும் கூட்டின் அடிப்பக்கம், மட்கார்டு சேறு அடைகிற இடம், சீட்டுக் குழாயின் வாய் ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். பெயின்ட் அப்பளம் போல உப்பியிருந்தால் அடியில் துரு ஓடியிருக்கிறது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருமனாகிறது. அந்தத் தள்ளலில்தான் பெயின்ட் எழும்புகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டியதும் துருவின் வேகம் கூடும், உப்புக்காற்று பட்டால் இன்னும் கூடும். 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை வெட்டவெளியில் வைத்து இதை ஆண்டுக்கணக்கில் அளந்திருக்கிறது. கடலுக்கு வெகுதூரத்தில் இருக்கும் ஓமலூர்ச் சமவெளி அந்த வகையில் பழைய பிரேம்களுக்குப் புண்ணிய பூமி.

பிரேமை வெறுமையாக்குவது முதல் வேலை. பெடல் தண்டுகளைப் பிடித்திருக்கும் கோட்டர் பின்னைச் சுத்தியால் நேரே அடித்தால் அதன் மரை நசுங்கும். நட்டைப் பாதி தளர்த்தி, மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். பெடல் கூட்டில் செயின் பக்கத்துக் கப்புக்கு மரை தலைகீழ். வலஞ்சுழியாகத் திருகினால்தான் கழலும். இது தெரியாமல் மல்லுக்கட்டி உடைத்தவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். சீட்டுக் கம்பி துருவில் பிடித்திருந்தால் மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். முன்புறத்து வில்லையைத் தனியே எடுத்து வையுங்கள். பால்ரஸ் குண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் வாசலில் உருண்டோடும்.

இனி உரிப்பு. ஓமலூரில் பிரியும் ரயில் பாதை மேட்டூருக்குப் போகிறது. 1934-இல் கட்டி முடித்த அணையின் மின்சாரத்தை நம்பி, 1936-இல் தொடங்கிய மேட்டூர் கெமிக்கல்ஸ் உப்புநீரை மின்னாற்பகுத்துக் காஸ்டிக் சோடா எடுத்தது. எண்ணெய் சேர்ந்த பெயின்ட்டைக் கழற்றப் பட்டறைகளில் காலங்காலமாகப் பயன்படும் சரக்கு அதுதான். எண்ணெயைச் சோப்பாக மாற்றும் அதே வேதிவினை இங்கேயும் நடக்கிறது: காரம் எனாமலின் எஸ்டர் பிணைப்புகளை முறிக்க, பெயின்ட் வழுவழுப்பாகி நழுவுகிறது. எஃகுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அலுமினியப் பாகம் கூடவே விழுந்தால் அது ஹைட்ரஜனைப் பொங்கவிட்டுக் கரைந்துபோகும். காஸ்டிக் சோடா கண்ணையும் தோலையும் பொசுக்கும்; தண்ணீரில்தான் அதைப் போட வேண்டும், அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். குழந்தைகளும் கோழிகளும் சுற்றுகிற வாசலில் இது வேண்டாம் என்பேன்.

கடையில் கிடைக்கும் பெயின்ட் ரிமூவர் வேறு விதமாக வேலை செய்கிறது. பல ரிமூவர்களில் இருக்கும் டைகுளோரோமீத்தேன் மிகச் சிறிய மூலக்கூறு. பெயின்ட் வலைக்குள் புகுந்து அதை ஊத வைக்கும். பெயின்ட் சுருண்டு எழும். டைகுளோரோமீத்தேனின் கொதிநிலை சுமார் 40 டிகிரி. சித்திரை மத்தியானத்தில் பூசினால் வேலை தொடங்குமுன்பே ஆவியாகிவிடும். அதிகாலையில், மரநிழலில், கெட்டியாகப் பூசி பிளாஸ்டிக் தாளால் போர்த்தி வைக்க வேண்டும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும், உடலுக்குள் போய்க் கார்பன் மோனாக்சைடாக மாறும். வீட்டு உபயோகத்துக்கு இதை விற்பதை அமெரிக்கா 2019-இல் தடை செய்தது. மூடிய அறையில் இந்த டப்பாவைத் திறக்கவே கூடாது.

மிச்சத்துக்கு வாட்டர் பேப்பர். தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. இந்தியாவில் வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் போகக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பழைய சைக்கிள் பெயின்ட்டில் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்வது நல்லது. உலரத் தேய்த்தால் அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகும். சுரண்டிய சேற்றைக் காகிதத்தில் வழித்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள், தென்னைக்குப் பாய்ச்சாதீர்கள். கிரைண்டரைத் தொடவே வேண்டாம். குழாயின் சுவர் மெல்லியது. 1935-இல் வந்த ரெனால்ட்ஸ் 531 போன்ற உயர்ரகக் குழாய்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

வெறும் எஃகு தெரிந்ததும் வேகம் வேண்டும். ஈரக் கை பட்ட இடத்தில் சாயங்காலத்துக்குள் மஞ்சள் பூத்துவிடும். குழிகளில் மிஞ்சிய துருவுக்குப் பாத்ரூம் ஆசிட் போடுகிறவர்கள் உண்டு. அதிலுள்ள குளோரைடு குழிக்குள் தங்கி, புது பெயின்ட்டுக்கு அடியில் மறுபடி துருவைக் கிளப்பும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் ரிமூவரே சரி. அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும், பிரேம் கருஞ்சாம்பலாகும். காஸ்லெட்டின் கொதிதொட்டிக்கு இது ஈடாகாது, ஆனாலும் அதே வழி. நட்டு, போல்ட், பெல் மூடி போன்ற சில்லறைகளுக்கு அடுக்களைப் புளிக்கரைசலே போதும். புளியின் டார்டாரிக் அமிலம் இரும்பைப் பிணைத்துக் கரைத்துவிடும்.

அடுத்து பிரைமர். நாம் காலங்காலமாய் அடிக்கும் ரெட் ஆக்சைடின் செந்நிறமே இரும்பு ஆக்சைடுதான், துருவின் உறவுக்காரன். ஆனால் துருவைப் போல நீரைக் கட்டிக்கொண்டு செதிலாக உதிராத, இறுகிய ஆக்சைடு. ஜிங்க் பாஸ்பேட் கலந்த பிரைமர் கிடைத்தால் இன்னும் மேல். பிரைமர் அடிக்குமுன் பெடல் கூட்டின் மரையையும் கைப்பிடிக் கப்புகள் உட்காரும் வாயையும் துணி திணித்து மூடுங்கள். பிரேம் எண் பொறித்த இடத்தில் பட்டியை அப்பாதீர்கள்.

நிறத்துக்கு மூன்று வழி. டூகோ, கரைப்பான் பறந்ததும் காய்ந்துவிடும்; ஆனால் ஐப்பசி ஈரத்தில் அடித்தால் பரப்பு குளிர்ந்து பனி படிந்து வெள்ளை பூக்கும். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் லாரிக்கு அருமை. அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கும், முறையான முகமூடியும் காற்றோட்ட அறையும் இல்லாத வீட்டில் வேண்டாம். சாதாரண சிந்தெடிக் எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி மெதுவாக இறுகும். பொறுமை இருந்தால் இதுவே போதும். மாசி, பங்குனிக் காலையில் காற்றடங்கிய வேளையில், தலைக்குழாய் வழியே கயிறு கோத்து வேப்பங்கிளையில் தொங்கவிட்டு, முதலில் அடிப்பக்கமும் மூட்டு இடுக்குகளும், கடைசியில் பார். மெல்லிசாகப் பல தடவை அடிக்க வேண்டும். ஒரே தடவையில் மூடப் பார்த்தால் லக்கின் ஓரத்தில் கண்ணீர் வழிந்தமாதிரி இறங்கி நிற்கும்.

அடுப்பறை நம்மிடம் இல்லை. ஆனால் கறுப்பு எஃகைச் சேலத்து வெயிலில் நிறுத்தினால் 60 டிகிரி தொடும். 150 இல்லைதான், ஆனால் எனாமல் இறுக அது உதவும். தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்துவிட்டதற்கு அடையாளம் ஆகாது. நகத்தால் அழுத்தினால் தடம் விழாத வரை பாகங்களைப் பூட்டாதீர்கள். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். கோடு போட வேண்டுமா, நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைகளில் விசாரியுங்கள். பாடி கட்டும் ஊர்களில் டேப் ஒட்டாமல் கையாலேயே கோடிழுக்கிற ஓவியர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பூட்டும் முன் ஒரு வேலை பாக்கி. துரு உள்ளிருந்தும் வரும். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் கொஞ்சம் ஆளிவிதை எண்ணெய் விட்டு, பிரேமை நாலாபுறமும் சாய்த்துச் சுழற்றி, மிச்சத்தைப் பெடல் கூட்டின் வழியே வடித்துவிடுங்கள். மட்கார்டு கம்பியும் ஸ்டாண்டும் பிரேமைத் தொடுகிற இடத்தில் பழைய டியூபில் வெட்டிய ரப்பர் வாஷர் ஒன்று. புது பெயின்ட் முதலில் போவது அங்கேதான்.