சிறுவர் கதையும் திரைப்பாட்டும்

சிறுவர்க்கென எழுதப்பெற்ற புகழ்மிக்க நூல்கள் இன்று மீண்டும் மீண்டும் திரைப்படமாகின்றன. அவற்றுட் பல பாட்டும் ஆட்டமும் நிறைந்த இசைநாடகங்களாகவே வருகின்றன. ரோல்ட் டால் 1988இல் எழுதிய 'மட்டில்டா' 1996இல் வசனப் படமாக வந்தது. 2022இல் இசைநாடகமாகத் திரையேறியது. சிறுவர் கதை படமாகுங்கால் பாட்டு இன்றியமையாததா என்னும் வினா இதனால் எழுகின்றது. தமிழராகிய நமக்கு இவ்வினாவே விந்தையாகத் தோன்றலாம். பாட்டாலேயே கூத்து நடத்திய மரபு நம்முடையது. நம் திரைப்படமும் அவ்வழி வந்ததே. ஆயினும், மரபு என்பதொன்றே ஆராயாமல் ஏற்பதற்குக் காரணமாகாது.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்து யான் தமிழ் பயிற்றும் மாணவரிடம் இதனைக் கேட்டேன். "பாட்டு வந்தால் கைப்பேசியில் தள்ளிவிட்டுப் பார்ப்போம் ஐயா, கதை விளங்கத்தான் செய்கிறது" என்றான் ஒருவன். இவ்விடை சிலர்க்குச் சினமூட்டலாம். எனக்கோ அது நல்லதோர் உரைகல்லாகப் பட்டது. தள்ளிவிட்ட பின்னும் கதை ஊறின்றி நடக்குமாயின், அப்பாட்டு அங்கே விருந்தாளியேயன்றி வீட்டுக்குரியதன்று.

முதற்கண் இளங்கோவடிகளை இவ்வுரைகல்லில் வைத்துப் பார்ப்போம். புகார்க் கடற்கரையிலே கோவலன் யாழெடுத்துப் பாடுகின்றான். அவன் மனம் வேறொருத்திபாற் சென்றதென எண்ணிய மாதவி, தானும் வேறொரு குறிப்புடையாள் போலப் பாடுகின்றாள். அவன் எழுந்து போய்விடுகின்றான். கானல்வரியைத் தள்ளிவிட்டால் அப்பிரிவு இல்லை, மதுரைப் பயணம் இல்லை, காப்பியமே இல்லை. கதையின் முடிச்சு பாட்டினுள்ளேயே விழுகின்றது.

இனி ஒரு சிறுவர் கதைக்கு வருவோம். ஜேர்மனிய எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னர் 1949இல் வெளியிட்ட இரட்டைச் சிறுமியர் கதை உலகெங்கும் பரவியது. பெற்றோர் பிரிந்தமையால் தனித்தனியே வளர்ந்த இருவர் ஒரு கோடை விடுதியிற் சந்தித்து, ஒருவர் வீட்டுக்கு மற்றவர் மாறிச் செல்கின்றனர். தந்தையோ வியன்னாவில் இசைக்குழுவை நடத்துபவர். பாட்டைச் சொரிவதற்கு இதனினும் வாய்ப்பான கதை வேறில்லை. எனினும் நூலின் உயிர் பாட்டிலன்று, மௌனத்தில் இருக்கின்றது. தந்தை வேறொருத்தியை மணக்க முற்படும்போது அச்சிறுமியின் துயரம் வாய்விட்டு வராது, நோயாகவே வெளிப்படுகின்றது.

இக்கதை அமெரிக்காவில் 1961இல் படமாகியது. அதனைத் தழுவி ஏ.வி.எம். நிறுவனம் 1965இல் 'குழந்தையும் தெய்வமும்' என்னும் படத்தை எடுத்தது, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினர், குட்டி பத்மினி இரட்டையராக நடித்தார். அதிலே எம். எஸ். விசுவநாதன் இசையில், எம். எஸ். இராஜேஸ்வரியின் குரலில், சிறுமி பாடும் பாட்டொன்று உண்டு. கோழியும் சேவலும் வெவ்வேறு கூட்டில் இருக்க, குஞ்சுகள் அன்பின்றி வாடுவதைச் சொல்வது அது. பெற்றோரை நேரே பழிக்க இயலாத குழந்தை, கோழிக்கதை பாடித் தன் வழக்கை உரைக்கின்றது. கேஸ்ட்னர் நோயாற் சொன்னதை நம்மவர் பாட்டாற் சொன்னார்கள். இப்பாட்டைத் தள்ளிவிட்டால் குழந்தையின் வாயையே அடைத்தவராவோம். ஆனால், இதே படத்துக் காதற்பாட்டுகளைத் தள்ளிவிடினும் இரட்டையர் கதைக்கு யாதொரு குறையும் நேராது.

பாட்டு கதையை வளைப்பதும் உண்டு. கிப்ளிங் 1894இல் எழுதிய காட்டு நூலிலே குரங்குக் கூட்டத்துக்குத் தலைவனும் இல்லை, நெறியும் இல்லை. அதுவே அவற்றின் இழிவெனச் சிறுவர் உணருமாறு கதை அமைந்துள்ளது. டிஸ்னி நிறுவனத்தின் 1967ஆம் ஆண்டுப் படத்திலோ குரங்கரசன் ஒருவன் தோன்றிப் பாடி ஆடுகின்றான். தமிழ்க் குரலிலும் வந்த 2016ஆம் ஆண்டுப் படமும் அவ்வரசனை விடவில்லை. பாட்டு இனியதுதான், ஆனால், நெறியற்ற கூட்டத்தைப் பற்றிய கதையின் கூர்மை மழுங்கிவிட்டது. கிப்ளிங்கும் பாட்டை வெறுத்தவரல்லர். ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு செய்யுளை வைத்தார். கதை நடக்கும்போது பெரும்பாலும் குறுக்கே நிறுத்தவில்லை.

நம் மாணவர்க்கு மற்றுமோர் இடரும் உண்டு. பிறமொழிப் பாட்டைத் தமிழாக்குவோர் அயல்மெட்டின் அளவுக்கும் அயலார் வாயசைவுக்கும் சொல்லை வெட்டி ஒட்ட வேண்டியவராகின்றனர். வசனத்திற் பிழைக்கும் தமிழ் பாட்டில் நொண்டுகின்றது. அந்நொண்டித் தமிழே இளஞ்செவியில் நிலைத்து நிற்கும்.

ஆதலின், சிறுவர் கதை படமாகுங்கால் பாட்டு கட்டாயமன்று, விலக்கும் அன்று. பாத்திரம் பேசவியலாத இடத்திற் பாட்டு பேசட்டும். மௌனமே பேசும் இடத்தில் அது வாய்மூடி நிற்கட்டும். நம் நாட்டிலே மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய 'மடொல் தூவ', லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கத்தில் 1976இல் படமாகியது. பேய் உலவும் என ஊரார் அஞ்சிய தீவிலே இரு சிறுவர் குடியேறும் கதை அது. நாளை அதனை மீண்டும் படமாக்குவோர் அத்தீவின் இரவை இசையால் நிரப்பிவிட்டால், சிறுவன் எதற்கு அஞ்சுவான்? எதனை வெல்வான்?

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். படத்தைக் காட்டுமுன் நூலை வாசிக்கச் செய்யுங்கள். பின்னர், "இக்கதையில் எவ்விடத்துப் பாட்டு வரவேண்டும்? ஏன்?" என்று எழுதச் சொல்லுங்கள். "எங்குமே வேண்டாம்" என்று ஒரு பிள்ளை காரணத்தோடு எழுதினால், அதற்கும் முழுப்புள்ளி கொடுங்கள்.