மூடுபனி சமைக்கும் ஒயின்

கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில், கோடைக்காலக் காலைகளில் திராட்சைத் தோட்டம் பல நாள் கண்ணுக்கே தெரியாது. தெற்கே இருக்கும் சான் பாப்லோ விரிகுடாவிலிருந்து இரவோடு இரவாக ஏறிவரும் மூடுபனி கொடிகளைப் போர்த்திக்கொண்டு கிடக்கும். அது கலைந்ததும் சுள்ளென்று வெயில் அடிக்கும். வெயில் பழத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. இரவின் குளிர் புளிப்பைக் காப்பாற்றுகிறது. நாபா ஒயினின் ருசி இந்த இழுபறியில்தான் பிறக்கிறது.

பள்ளத்தாக்கின் நீளம் சுமார் 48 கிலோமீட்டர். மேற்கே மயக்காமாஸ் மலைத்தொடர், கிழக்கே வாக்கா மலைத்தொடர். கலிஃபோர்னியாவின் மொத்த ஒயினில் நாபாவின் பங்கு ஏறக்குறைய 4 சதவீதம்தான். ஆனால் இந்தச் சிறிய இடத்துக்குள்ளேயே தெற்கிலிருந்து வடக்கே போகப்போக வெப்பம் கூடுகிறது. கோப்பையில் ருசியும் மாறிக்கொண்டே வருகிறது.

விரிகுடாவை ஒட்டிய கார்னரோஸ் குளிர்ந்த பகுதி. அங்கே விளையும் ஷார்டனே திராட்சையின் வெள்ளை ஒயினில் பச்சை ஆப்பிளும் எலுமிச்சையும் மணக்கும். சிலவற்றில் வெண்ணெய் வாசனையும் தூக்கலாக இருக்கும். வெண்ணெய் எதுவும் சேர்ப்பதில்லை. ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலத்தை, தயிரில் உள்ள லாக்டிக் அமிலமாக பாக்டீரியாக்கள் மாற்றும்போது டைஅசிட்டைல் என்ற பொருள் உண்டாகிறது. அந்த மணம் அதனுடையது. வனிலா வாசனை வந்தால், அது ஓக் மரப் பீப்பாயின் கொடை.

வடக்கே ஓக்வில், ரதர்ஃபோர்டு ஊர்களுக்கு வந்தால் கேபர்னே சோவிஞான் என்ற சிவப்பு ஒயின் திராட்சையின் ராஜ்யம். சிறிய மணி, தடித்த தோல், அடர்ந்த நிறம். கோப்பையைச் சுழற்றி முகர்ந்தால் பிளாக்கரண்ட், கறுப்பு செர்ரி, சீடர் மரம் என்று மணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். ஒரு வாய் பருகினால் முதலில் கனிந்த பழம். சற்று நேரத்தில் ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுக்கும். தோலிலும் விதையிலும் உள்ள டானின், உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்வதால் வரும் உணர்வு அது. ஒயின் நிபுணர்கள் பக்கம் பக்கமாக விவரிக்கும் இதற்குத் தமிழில் ஒரே சொல் போதும்: துவர்ப்பு. வாழைப்பூவையும் மாதுளைத் தோலையும் அறிந்த நாக்குக்கு இது புதிதல்ல. ரதர்ஃபோர்டில் இந்தத் துவர்ப்பு கொக்கோ தூள் போல மென்மையாகப் படியும் என்பார்கள். ‘ரதர்ஃபோர்டு தூசி’ என்றே அதற்குப் பெயர். மூடுபனிக்கு மேலே நிற்கும் ஹவல் மலையிலோ மண் வளம் குறைவு, மணிகளும் சிறியவை. அதனால் துவர்ப்பு முரட்டுத்தனமானது. அடங்கப் பல ஆண்டுகள் ஆகும்.

1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற பிரிட்டிஷ் ஒயின் வணிகர் ஒரு போட்டி நடத்தினார். பெயர் மறைத்து ஊற்றப்பட்ட பிரெஞ்சு, கலிஃபோர்னிய ஒயின்களை ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் சுவைத்தார்கள். சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸின் 1973 கேபர்னேயும், வெள்ளையில் ஷாட்டோ மான்டலீனாவின் 1973 ஷார்டனேயும் முதலிடம் பிடித்தன. இரண்டுமே நாபா ஆலைகளின் தயாரிப்பு. உலகம் அதுவரை பிரான்ஸுக்கு மட்டும் கொடுத்துவந்த மரியாதையில் அன்று நாபாவும் பங்கு பெற்றது.

பெயர் வாங்கித் தந்த அதே வெயில், வறட்சியோடு சேர்ந்து இன்று அச்சுறுத்துகிறது. 2020 காட்டுத்தீயின்போது புகை திராட்சைத் தோலில் ஊறி, ஒயினில் சாம்பல் வாடை அடிக்கும் ஆபத்து வந்தது. பல ஆலைகள் அந்த ஆண்டின் கேபர்னே ஒயினையே வெளியிடாமல் விட்டன.

இப்போது அங்கே அறுவடை பெரும்பாலும் இரவில்தான். தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்கள் வளைந்த கத்தியால் கொத்துகளை அறுத்துத் தொட்டியில் போடுகிறார்கள். வெயில் ஏறுமுன், பழத்தின் குளிர்ச்சி மாறாமல் அவை ஆலைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.