கருத்தடை அறுவை சிகிச்சைக்கு உரிய நாள் எது?

2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்கள் இச்சிகிச்சை செய்துகொண்ட குடும்பங்களோ 0.3 சதவீதமே. இத்தனை பெண்கள் மேற்கொள்ளும் ஒரு சிகிச்சையை மாதத்தின் எந்த நாளில் செய்வது என்பது மருத்துவர் மட்டும் தீர்மானிக்கும் சிறு செய்தியாகத் தோன்றலாம். உண்மையில் அது நிர்வாகத்தைச் சார்ந்த கேள்வியாகும்.

மத்திய அரசு 2006ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகள் இதற்குத் தெளிவான விடை தருகின்றன. பிரசவத்துடன் தொடர்பின்றி இடைக்காலத்தில் செய்யப்படும் சிகிச்சை, மாதவிலக்குத் தொடங்கிய ஏழு நாட்களுக்குள் செய்யப்பட வேண்டும். காரணம் எளியது. 28 நாள் சுழற்சியுள்ள பெண்ணின் சூலகத்திலிருந்து ஏறத்தாழ 14ஆம் நாளில் கருமுட்டை வெளிப்படுகிறது. முதல் ஏழு நாட்களில் அவள் கருவுற்றிருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. பிந்திய நாட்களிலோ அந்த உறுதி இல்லை. கருவுற்ற முட்டை கருக்குழாய் வழியே வந்து கருப்பையில் பதியச் சுமார் ஒரு வாரம் ஆகும். அதற்குப் பின்னரே சிறுநீர்ச் சோதனையில் அது தெரியவரும். எனவே 20ஆம் நாளில் வரும் பெண்ணுக்குச் சோதனை முடிவு ‘இல்லை’ என்று வந்தாலும் அவள் கருவுற்றிருக்கக்கூடும். கருக்குழாயை அடைப்பதால் முன்னரே உண்டான கரு நீங்கிவிடாது.

இவ்வாறு நேர்ந்தால் அந்தக் குடும்பம் அதைச் சிகிச்சையின் தோல்வியாகவே கருதும். சிகிச்சை செய்துகொண்ட பின் கருவுற்ற மனைவி, வீட்டிலும் ஊரிலும் சந்தேகத்துக்கு ஆளாவதுண்டு. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சில சிகிச்சைகள் இயற்கையாகவே பலனற்றுப் போகும். அத்தகைய தோல்வி மட்டுமே மருத்துவரின் கவனக்குறைவுக்குச் சான்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. ஆனால் தேதியைக் கேட்காததால் விளையும் கருத்தரிப்பு இயற்கையின் செயலன்று. அது முழுமையாகத் தவிர்க்கக் கூடியது.

தேதி ஏன் கேட்கப்படாமற் போயிற்று? முகாம் முறையே அதற்குப் பெரிய காரணம். முகாமின் நாளை அறுவை மருத்துவரின் பயணத் திட்டம், லாப்ராஸ்கோப் கருவி கிடைக்கும் நாள், குளிர்காலம், மார்ச் 31இல் முடியும் நிதியாண்டு ஆகியவை நிர்ணயித்தன. பெண்ணின் உடல் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். 28 நாள் சுழற்சியில் உரிய காலம் ஏழு நாட்கள், அதாவது நான்கில் ஒரு பங்கு. தேதி பாராமல் ஒரே நாளில் திரட்டப்பட்ட 40 பெண்களில் சுமார் 10 பேரே உரிய வாரத்தில் இருப்பர். எஞ்சிய 30 பேரைத் திருப்பியனுப்பினால் முகாமின் இலக்கு நிறைவேறாது. இலக்கு முறை 1996 ஏப்ரலில் கைவிடப்பட்ட பின்னரும் இப்பழக்கம் உடனே மறையவில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே நாளில் 83 பெண்களுக்குச் சிகிச்சை நடந்த முகாமை அடுத்து 13 பேர் இறந்தனர். அந்த மரணங்களுக்குக் காரணம் மாதவிலக்குத் தேதியன்று; எனினும் அவசரம் எதையெல்லாம் புறக்கணிக்கும் என்பதை அது காட்டிற்று. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் படிப்படியாகக் கைவிடுமாறு பணித்தது.

அதற்கு மாற்றாக வகுக்கப்பட்டதே, மருத்துவமனையில் குறிப்பிட்ட கிழமைகளில் சிகிச்சை அளிக்கும் முறை. இதன் சிறப்பு போதிய அளவு எடுத்துரைக்கப்படவில்லை. தொடர்ச்சியான எந்த ஏழு நாட்களிலும் ஒவ்வொரு கிழமையும் ஒருமுறை வந்தே தீரும். ஆகவே ஒரு மருத்துவமனை வாரந்தோறும் புதன்கிழமை சிகிச்சை அளிக்குமாயின், வட்டாரத்திலுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளுக்குரிய ஏழு நாட்களுக்குள் ஒரு புதன்கிழமை கிடைக்கும். மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் முகாம் நால்வரில் ஒருவருக்கே பொருந்தும். வாரம் ஒருமுறை என்பது நால்வருக்கும் பொருந்தும்.

விலக்குகளும் உண்டு. மாத்திரை போன்ற முறையைத் தவறாமல் கையாண்டு வருபவர்களுக்கு, கருவில்லை என்று மருத்துவர் உறுதிகொண்டால் பிற நாட்களிலும் சிகிச்சை செய்யலாம். பிரசவித்த பெண்ணுக்கு ஏழு நாட்களுக்குள் சிறு கீறல் முறையில் செய்யலாம்; லாப்ராஸ்கோப் முறை அப்போது ஏற்றதன்று. 2019–21 ஆய்வின்படி 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தமையால், பலருக்கு இதுவே வசதியானது. ஆணுக்குச் செய்யும் சிகிச்சைக்கோ இந்த நாட்கணக்கே தேவையில்லை. ஆயினும் அதை நாடுவோர் மிகச் சிலரே.

கடைசி மாதவிலக்கின் தேதியை ஆஷா பணியாளர் வீட்டிலேயே கேட்டு அட்டையில் குறித்துவிட்டால் வீண் பயணமும் கூலி இழப்பும் மிஞ்சும். தேதி நினைவில்லாதவரிடம் அமாவாசை, சந்தை நாள், பண்டிகை ஆகியவற்றைக் கொண்டு கேட்டறியலாம். உரிய வாரம் கடந்து வருபவருக்கு அடுத்த மாதவிலக்கு வரை மாத்திரையோ ஆணுறையோ கொடுத்தனுப்ப வேண்டும். மருத்துவர் ஒரு புதன்கிழமை விடுப்பில் சென்றால், அன்று வந்த பெண்களை அடுத்த புதன்கிழமை வருமாறு சொல்வது பயன்தராது. அதற்குள் அவர்களுடைய ஏழு நாட்கள் கடந்துவிடும். மாற்று மருத்துவருக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பை மாவட்ட நிர்வாகம் ஏற்க வேண்டியிருப்பது இங்கேதான்.