நீதிபதியும் ஓட்டுப் பெட்டியும்

நமது ஜில்லா ஜட்ஜு வீடு வீடாய் வந்து ஓட்டுக் கேட்டால் எப்படியிருக்கும்? நம் தேசத்தில் நீதிபதிகள் நியமிக்கப்படுகிறார்களாதலால், நினைக்கவே விநோதமாயிருக்கிறது. அமெரிக்காவின் பல ராஜ்யங்களிலோ இது சர்வசாதாரணம். 1832-ம் வருஷத்தில் மிஸிஸிப்பி ராஜ்யம் தன் நீதிபதிகள் அனைவரையும் ஜனங்களே தேர்ந்தெடுக்க வேண்டுமென்று விதித்தது. பிறகு மற்றும் பல ராஜ்யங்கள் அவ்வழியே சென்றன.

தேர்தல் என்று வந்துவிட்டால், தொகுதியின் எல்லையை எங்கே வகுப்பது என்ற தகராறும் கூடவே வந்துவிடுகிறது. டெக்ஸாஸ் ராஜ்யத்தில் ஹூஸ்டன் நகரம் அடங்கிய ஹாரிஸ் ஜில்லாவைப் பாருங்கள். 1991-ல் அங்கே விசாரணைக் கோர்ட்டு நீதிபதிகள் 59 பேர் இருந்தார்கள். ஒவ்வொரு ஸ்தானத்துக்கும் ஜில்லா முழுவதும் ஓட்டளிக்கும். ஜனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் கறுப்பு இனத்தார். ஆயினும் இது வழக்காகி மேலே சென்ற காலத்தில், 59 நீதிபதிகளில் கறுப்பர் மூவரே. ஒவ்வொரு ஸ்தானத்துக்கும் தனித்தனியே போட்டி நடப்பதால், பெரும்பான்மையோர் ஒரு ஸ்தானத்தை வெல்வதுபோலவே ஐம்பத்தொன்பதையும் வெல்லலாமல்லவா?

“நீதிபதி தனித்திருந்து தீர்ப்புச் சொல்பவர், சட்டசபை அங்கத்தினரைப் போன்றவரல்லர், ஆகவே ஓட்டுரிமைச் சட்டம் இங்கே பொருந்தாது” என்று ராஜ்ய சர்க்கார் வாதித்தது. 1991 ஜூன் 20-ல் ஸூப்ரீம் கோர்ட்டு அதை ஒப்பவில்லை. 1965-ம் வருஷத்து ஓட்டுரிமைச் சட்டம் இத்தேர்தல்களையும் கட்டுப்படுத்தும் என்றும், சர்க்காரின் வாதத்தை வழக்கின் தன்மையை ஆராயும்போது சீர்தூக்கிக்கொள்ளலாம் என்றும் கூறிற்று. ஆனால் 1993-ல் அப்பீல் கோர்ட்டு வாதிகளுக்கு விரோதமாகவே முடிவு செய்தது. ஜில்லா முழுவதுமே தொகுதி என்ற முறை நிலைத்துவிட்டது.

சிகாகோ நகரம் உள்ள குக் ஜில்லாவிலோ வேறு வழி கண்டார்கள். 1991-ல் இயற்றிய சட்டப்படி ஜில்லாவில் 15 உட்தொகுதிகள் வகுக்கப்பட்டன. நீதிபதிகளில் சிலரை முழு ஜில்லாவும், சிலரை உட்தொகுதிகளும் தேர்ந்தெடுக்கும். உட்தொகுதியில் வென்றவரும் ஜில்லாவின் எந்த மூலையிலிருந்து வரும் வழக்கையும் விசாரிக்கலாம். ஆறு வருஷத்துக்குப் பின், அவர் நீடிக்கலாமா என்பதை முழு ஜில்லாவே சொல்லும். நூற்றுக்கு 60 பேராவது ‘ஆம்’ என்றால்தான் பதவி நிலைக்கும்.

இவ்வேற்பாடு நமக்கு உசிதமாகவே தோன்றுகிறது. பேட்டைக்கொரு நீதிபதி என்றால் பேட்டைக்கொரு நியாயம் வந்துவிடுமே என்று அஞ்சுவோருக்கு, முழு ஜில்லாவின் ஓட்டே சமாதானம் சொல்லுகிறது.

எனினும் மறு பக்கத்தையும் மறைக்கலாகாது. 2018-ல் அதே ஹாரிஸ் ஜில்லாவில், பழைய முறைப்படியே, கறுப்பு இனப் பெண்மணிகள் 17 பேர் நீதிபதிகளாக வென்றார்கள். அடைபட்டிருந்த கதவு திறந்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அதைத் திறந்ததில் ஜனநாயகக் கட்சியின் பக்கம் அடித்த காற்றுக்குப் பெரும் பங்குண்டு. அக்காற்றிலேயே எதிர்க்கட்சி நீதிபதிகள், திறமைசாலியென்றும் அல்லாதவரென்றும் வித்தியாசமின்றி, வரிசையாய்ச் சாய்ந்தார்கள். காற்று திரும்பினால் மற்றவருக்கும் அதே கதிதான்.

உட்தொகுதி முறையிலும் ஒரு குறை உண்டு. குக் ஜில்லாவின் எல்லைகளை வகுப்பது ராஜ்யத்தின் சட்டசபையே. 2022-ல் அது 15 உட்தொகுதிகளை 20 ஆக்கிற்று. தராசைப் பிடிப்பவரைப் பொறுக்கும் எல்லையை, அதனால் லாபமடையக்கூடிய கட்சியே வகுக்கலாமா?

நீதிபதி எந்த வகுப்புக்கும் பிரதிநிதியல்லர். ஆனால் தங்களில் ஒருவரும் ஏறமுடியாத ஆசனத்தின் முன் தலைமுறை தலைமுறையாய்க் கைகட்டி நிற்கும் ஜனங்களிடம், இந்தக் கோர்ட்டு உங்களுடையதும்தான் என்று சொன்னால் அவர்கள் எங்ஙனம் நம்புவார்கள்? கட்சிகளின் கைக்கு எட்டாத நடுநிலையாளர் எல்லையை வகுக்கட்டும், உட்தொகுதி தேர்ந்தெடுக்கட்டும், ஜில்லா முழுவதும் கணக்குக் கேட்கட்டும். ஓட்டுப் பெட்டியின் வழியாகவே நீதிபதி வரவேண்டுமானால், இதைவிடக் குறைவான காவல் போதாது.